உட்கார்ந்து கேளுங்கள்: கேமிங் சேர் கேள்விகளும் ஒரு பட்டறைக்காரியின் பதில்களும்

நாற்காலி பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. ஆபீஸ் சேர், சாப்பாட்டு மேஜை சேர் என்று கலந்து வரும் என நினைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிக் கடிதங்கள் கேமிங் சேரைப் பற்றித்தான். பாதி, விளையாடும் பிள்ளைகள் எழுதியவை. மீதி, காசு கொடுக்க வேண்டிய அப்பா அம்மாக்கள் எழுதியவை.

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னை பெருங்குடியில் எங்களுக்குப் பட்டறை. முதலில் கார் சீட் கவர் தைத்தோம். ஓ.எம்.ஆர். சாலையில் கம்பெனிகள் பெருகியதும் ஆபீஸ் சேர் ரிப்பேருக்கு வந்தோம். கொரோனாவுக்குப் பிறகு கேமிங் சேர்களும் வரத் தொடங்கின. தையலும் குஷனும் என் கை. ஹைட்ராலிக், மெக்கானிசம், வெல்டிங் எல்லாம் என் தம்பி கை. ஷோரூமில் பளபளவென்று நிற்கும் சேரை விட, ஆட்டோவில் தலைகீழாக ஏற்றிக்கொண்டு வரும் சேரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். என் பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

கேள்வி: கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. ராத்திரி நாலைந்து மணி நேரம் வேலரன்ட் கேம் ஆடுவேன். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. அந்த விலைக்கு ஆன்லைனில் சிவப்பும் கறுப்புமாக ரேசிங் சேர்கள் நிறைய இருக்கின்றன. எதை வாங்கலாம்?
— மாணவர், மதுரை

அவற்றில் எதையும் வாங்க வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

அந்த உருவம் ரேஸ் காரிலிருந்து வந்தது. வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுகிறவர் பக்கவாட்டில் சரியாமல் இருக்கத்தான் தொடைக்கும் தோளுக்கும் இரண்டு பக்கமும் அந்த இறக்கைகள். 2000களில் டிஎக்ஸ்ரேசர் போன்ற கம்பெனிகள் அந்தச் சாயலைக் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கொண்டுவந்தன. போட்டி மேடைகளிலும் வீடியோக்களிலும் பார்த்துப் பார்த்து, கேமிங் சேர் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. உங்கள் ரூம் எந்த வளைவிலும் திரும்பப் போவதில்லை.

சரி, உருவம் பிடித்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாலும் 8,000 ரூபாய் கணக்கு உதைக்கிறது. இந்த விலைச் சேர்களைப் பிரித்தால் உள்ளே மெல்லிய இரும்புக் குழாய், அதன் குறுக்கே எலாஸ்டிக் பட்டை, அதற்கு மேல் பெரிய பிளாக்கிலிருந்து அறுத்தெடுத்த ஸ்பாஞ்ச், மேலே பியூ லெதர் என்ற செயற்கைத் தோல். இருக்கிற காசு பல கலர் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கவும், தலைக்கு ஒன்று இடுப்புக்கு ஒன்று என்று தலையணை வைக்கவும், 180 டிகிரி சாயும் லீவருக்கும், இழுத்தால் வரும் கால் பலகைக்கும் போய்விடுகிறது. நீங்கள் உட்காரும் இடத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு வருடம் போனால் இறக்கையில் இருக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கி, உள்ளே இருக்கும் குழாய் தொடையில் தட்டும். பட்டறைக்கு வரும் இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றின் முதல் புகார் இதுதான்.

அதே 8,000 ரூபாய்க்கு முதுகில் மெஷ் என்ற வலைத்துணி போட்ட ஒரு சாதாரண ஆபீஸ் சேர் இதை விட நன்றாகவே வரும். சீட்டில் அச்சில் வார்த்த ஃபோம் இருக்கிறதா, கை வைக்கும் ஹேண்டில் ஏறி இறங்குகிறதா, முதுகு சாயும்போது எவ்வளவு விறைப்பாகச் சாய வேண்டும் என்று அடியில் ஒரு குமிழைத் திருகி மாற்ற முடிகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். கழுத்துக்கு வைக்கும் ஹெட்ரெஸ்ட் இந்த விலையில் வெறும் அலங்காரம். அது இல்லாத மாடலை எடுத்தால் ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நான் காசு போடுவதாக இருந்தால் இதில்தான் போடுவேன். கம்பெனிகள் கழித்துவிடும் ஆபீஸ் சேர்கள். புதிதாக 15,000, 20,000 விலையுள்ள சேர் பழைய ஃபர்னிச்சர் கடையில் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றி, பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், இறங்கக் கூடாது. கவிழ்த்துப் போட்டு, வீல் மாட்டிய ஐந்து கால் ஸ்டார் பேஸின் அடிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணி அழுக்காக இருந்தால் கவலைப்படாதீர்கள், அதை மாற்றிக்கொள்ளலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் சாய்வு மெக்கானிசம் கடகடவென்று ஆடினால் மட்டும் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என் கேமிங் சேரின் லெதர் செதில் செதிலாக உரிந்து, எழுந்தால் பேன்ட்டெல்லாம் கறுப்புத் தூள். வெயில் படாத ரூமில்தான் வைத்திருக்கிறேன். வாங்கிய இடத்தில் கேட்டால் வாரண்டியில் வராது என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், நாகப்பட்டினம்

வெயில் மட்டும் காரணமில்லை. பியூ லெதர் என்பது அடியில் ஒரு துணி, அதன் மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு, அவ்வளவுதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு உள்ளுக்குள்ளேயே சிதைய ஆரம்பிக்கும். வேதியியலில் இதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும், உங்கள் வியர்வை அதை இன்னும் வேகப்படுத்தும். உட்காராமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் நடக்கும். குடோனில் வருடக்கணக்கில் கிடந்த சேர் "தள்ளுபடி"யில் வந்து ஆறே மாதத்தில் உரிவதும் இதனால்தான். கடலோர ஊர்களில், சென்னையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், விலை குறைந்த பியூ இரண்டு மூன்று கோடை தாண்டுவதே அரிது.

வாரண்டி அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மெக்கானிசத்துக்கும் பேஸுக்கும்தான் மூன்று வருடம் போட்டிருப்பார்கள். துணி, லெதர், ஃபோம் ஆகியவை "சாதாரணத் தேய்மானம்" என்று விலக்கில் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டியது அந்த விலக்கு வரியைத்தான்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? உரிந்த பூச்சை ஒட்டவைக்க முடியாது. தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் தடவாதீர்கள். தடவிக்கொண்டு வருகிறார்கள், அதற்கு மேல் எதுவும் ஒட்டாது, எங்களுக்கும் வேலை கெடுகிறது. சானிடைசரால் துடைப்பதும் பூச்சுக்கு ஆகாது. ஃபோமும் ஃபிரேமும் நன்றாக இருக்கிறது என்றால் கவரை மாற்றலாம். ரேசிங் சேரில் துண்டுகள் அதிகம். பழைய கவரைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளவாக வைத்துப் புதிதாக வெட்டித் தைக்க வேண்டும். துணியைப் பொறுத்து எங்களிடம் 3,500 முதல் 5,000 ரூபாய் வரை ஆகும். 7,000 ரூபாய்க்கு வாங்கிய சேருக்கு இந்தச் செலவு வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பிவிடுவேன். 20,000 ரூபாய் சேர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

மாற்றும்போது சோபாவுக்குப் போடும் கெட்டியான நெய்த துணியைக் கேளுங்கள். காற்றோட்டம் இருக்கும், உரியவும் பூச்சு கிடையாது. பஸ் சீட்டுக்குப் போடும் வினைல் ரெக்சினும் பியூ மாதிரி உரியாது, ஆனால் ஏசி இல்லாத ரூமில் முதுகு நனைந்துவிடும். புதிதாகவே வாங்குவதென்றால் கடலோரத்தில் துணி அல்லது மெஷ்தான். மெஷ்ஷிலும் ஒன்று கவனியுங்கள். முதுகில் எந்த மெஷ்ஷும் தாங்கும். சீட்டிலும் மெஷ் என்றால் மலிவானது ஊஞ்சல் மாதிரி தொய்ந்து, முன்பக்கத்து விளிம்பு தொடையை அறுக்கும். 25,000 ரூபாய்க்குக் கீழே சீட் மட்டும் ஃபோமாக இருக்கட்டும்.

உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு போல்ட்களும் துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போல்ட் தலைகளில் லேசாக கிரீஸ் தொட்டு வையுங்கள்.

கேள்வி: உட்கார்ந்தால் சேர் மெதுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஹைட்ராலிக் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, பயமாக இருக்கிறது. சேரையே தூக்கிப் போட்டுவிடலாமா?
— வாசகி, சேலம்

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. சேரில் சுலபமாக மாற்றக்கூடியது ஹைட்ராலிக்தான், அதாவது சீட்டை ஏற்றி இறக்கும் குழாய்.

அந்தக் குழாய்க்குள் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு இருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது, சீட் இறங்கும். மறுபடி வாயு நிரப்ப வழியில்லை, குழாயை மாற்ற வேண்டியதுதான். பொருள் மட்டும் 700 முதல் 1,500 ரூபாய். பெரும்பாலான சேர்களில் கீழ்க்குழாய் 50 மில்லிமீட்டர், மேல்முனை 28 மில்லிமீட்டர், அதனால் ஒரு கம்பெனிக் குழாய் இன்னொரு கம்பெனி சேரில் உட்காரும். மொத்த நீளத்தையும் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதையும் அளந்துகொண்டு போங்கள். திருகாணி எதுவும் கிடையாது. கூம்பு வடிவத்தில் செருகி, நம் எடையிலேயே இறுகி நிற்கிறது. சேரைக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டினால் பேஸ் கழன்று வரும். மேல்பக்கத்துக்குப் பைப் ரெஞ்சு வேண்டும். வரவில்லை என்றால் விட்டுவிட்டு ஒரு கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

வெடிப்பைப் பற்றி. தரமில்லாத குழாயில் அப்படி நடப்பதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிக அரிது. எங்களிடம் வருகிறதெல்லாம் இறங்குகிற கேஸ்தான். குழாயைத் துளை போடுவது, சூடாக்குவது, வெல்டிங் வைப்பது, இந்த மூன்றும் கூடாது. பழைய குழாயைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது கிளாஸ் 3, கிளாஸ் 4 என்று சொல்வார்கள். எண் கூடக் கூட இரும்பின் தடிமன் கூடும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், கிளாஸ் 4 போட்டுவிடுங்கள். எண்ணும் கம்பெனிப் பெயரும் குழாயின் உடம்பிலேயே அடித்திருக்க வேண்டும், கொரியாவின் சாம்ஹோங்சா போன்றவை அப்படித்தான் வரும். ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அவசரத்துக்கு ஒரு வழி: உங்களுக்கு வேண்டிய உயரத்தில் சீட்டை நிறுத்தி, வெளியே தெரியும் மெல்லிய தண்டின் நீளத்துக்கு ஒரு பிவிசி பைப் துண்டை நெடுக்காகக் கீறி மாட்டிவிடுங்கள். உயரம் மாற்ற முடியாது, ஆனால் இறங்காது.

கேள்வி: என் உயரம் 4 அடி 11 அங்குலம். வீடியோ எடிட்டிங் வேலை, வேலை முடிந்ததும் அதே சேரில் கேம். எந்தச் சேரில் உட்கார்ந்தாலும் கால் தொங்குகிறது, இல்லையென்றால் தோள் வலிக்கிறது. 15,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.
— வாசகி, புதுச்சேரி

வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். மற்ற எல்லாரும் சேரின் பெயரைக் கேட்கிறார்கள், நீங்கள் மட்டும் உங்கள் உயரத்தை எழுதியிருக்கிறீர்கள்.

தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள அளவு, ஒருவருடைய உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. உங்களுக்கு 150 செ.மீ. உயரம் என்றால் அது 37, 38 செ.மீ. வரும். சந்தையில் இருக்கும் சேர்களில் சீட்டை முழுதும் இறக்கினாலும் 43, 45 செ.மீ.தான். வெளிநாட்டு அளவுகளில் செருப்பு, ஷூ உயரத்தையும் கூட்டித்தான் கணக்குப் போடுவார்கள். நாமோ வீட்டில் வெறுங்காலோடு உட்காருகிறோம். அங்கேயே இரண்டு மூன்று செ.மீ. போய்விட்டது.

தோள் வலிக்குக் காரணம் மேஜை. நம் ஊர் மேஜை உயரம் பொதுவாக 75 செ.மீ. நீங்கள் கால் தரையில் படும்படி உட்கார்ந்தால் உங்கள் முழங்கை 58, 59 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேஜை அதை விட ஏறக்குறைய 16 செ.மீ. மேலே இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டேதான் மவுஸ் பிடிக்க வேண்டும். அதனால் சேரைத் தாழ்த்தாதீர்கள், உயர்த்துங்கள். முழங்கையும் மேஜையும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை சீட்டை ஏற்றிவிட்டு, தொங்கும் காலுக்கு அடியில் பலகை போடுங்கள். ஏறக்குறைய 15 செ.மீ. உயரம், இரண்டு பாதமும் அகலமாக வைக்கிற மாதிரி. கடையில் விற்கும் ஃபுட்ரெஸ்ட் பல இந்த உயரத்துக்கு வராது. ஆசாரியிடம் சொன்னால் அரை நாள் வேலை. மேஜையின் காலை அறுக்க முடியுமென்றால் அதை விட நல்லது வேறில்லை.

அடுத்தது சீட்டின் ஆழம். முதுகு சாய்ந்து உட்காரும்போது முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ரேசிங் சேர்களில் ஆழம் 50 செ.மீ. சாதாரணம். உங்களுக்கு 40க்குப் பக்கத்தில் போதும். ஆழம் அதிகமானால் முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், முதுகுக்கு ஆதாரம் இருக்காது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய லம்பார் சப்போர்ட்டும், அதாவது இடுப்பு ஆதாரமும், வீண். சீட்டை முன்பின்னாகத் தள்ளும் வசதியுள்ள ஆபீஸ் சேர் உங்கள் பட்ஜெட்டில் சில மாடல்களில் இருக்கிறது, அதைத் தேடுங்கள். மேஜையின் காலை அறுத்துத் தாழ்த்திவிட்டால், ஹைட்ராலிக் குழாயையும் குட்டையான ரகமாக மாற்றித் தரச் சொல்லலாம்.

கடிதத்தின் கடைசியில் "சில நேரம் சேரிலேயே சம்மணம் போட்டுக்கொள்வேன்" என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எதற்கு வெட்கம்? எங்கள் கஸ்டமர்களில் பாதிப் பேர் அப்படித்தான், நானும் தையல் மிஷினில் உட்காராத நேரத்தில் அப்படித்தான். அதற்காகவே இறக்கை இல்லாத, தட்டையான, அகலமான சீட் எடுங்கள். ஹேண்டில் பின்னால் தள்ளும்படியோ மடங்கும்படியோ இருந்தால் முழங்கால் இடிக்காது.

கேள்வி: என் எடை 118 கிலோ. ஒரு சேரின் விளம்பரத்தில் "1,136 கிலோ தாங்கும், பிஃப்மா சான்று" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எனக்குப் பத்து மடங்கு பலம்தானே?
— வாசகர், கோவை

அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பிஃப்மா என்பது அமெரிக்க ஃபர்னிச்சர் தயாரிப்பாளர்களின் சங்கம். 1973இல் தொடங்கியது, மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸில் இருக்கிறது. ஆபீஸ் சேர்களைச் சோதிக்க எக்ஸ் 5.1 என்ற விதிமுறை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சோதனை, ஐந்து கால் ஸ்டார் பேஸை மட்டும் தனியாக வைத்து, மிஷினால் மேலிருந்து 2,500 பவுண்டு விசையில் அழுத்துவது. கிலோவில் சுமார் 1,134. அது அசையாத பேஸுக்கு மெதுவாகக் கொடுக்கும் அழுத்தம். ஆள் தொப்பென்று உட்காருவது, ஒரு பக்கம் சாய்ந்து கீழே விழுந்த ஹெட்போனை எடுப்பது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்பவர்கள் அந்த எண்ணை எடுத்து மொத்தச் சேருக்கும் மாட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்கு வேண்டிய எண் வேறு. எக்ஸ் 5.1 சோதனைகள் 275 பவுண்டு, அதாவது 125 கிலோ வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதற்கு மேல் 400 பவுண்டு, 181 கிலோ வரை உள்ளவர்களுக்கு எக்ஸ் 5.11 என்று தனியாக ஒன்று இருக்கிறது. நீங்கள் முதல் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். முடிந்தால் இரண்டாவதில் தேறிய சேர், இல்லையென்றால் முதலாவதில் முழுச் சேரும் தேறியது. எந்த லேபில் சோதித்தார்கள், அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பேஸுக்கு மட்டும் அறிக்கை காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நம் நாட்டுத் தரம் வேலை நாற்காலிகளுக்கு ஐஎஸ் 17631, அதையும் கேட்கலாம்.

மெட்டல் பேஸ் என்றாலே பலம் என்று நினைக்காதீர்கள். மெல்லிய தகட்டை வளைத்து நடுவில் வெல்டிங் வைத்த பேஸ், வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும். மேலே பெயின்ட் இருப்பதால் கடைசி நாள் வரை தெரியாது. கண்ணாடி இழை கலந்த கெட்டி நைலான் பேஸ், அடியில் நெருக்கமாகக் குறுக்குத் தடுப்புகள் உள்ளது, அதை விட நம்பகமானது.

அகலத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் சொல்லும் சீட் அகலத்தில் இறக்கைகளும் அடங்கும். நடுவில் சமதளமாக இருக்கும் இடம் எவ்வளவு என்று டேப் வைத்து அளங்கள். மலிவுச் சேர்களில் அது 35 செ.மீ. சுற்றியே இருக்கும். ஃபோமைப் பொறுத்தவரை, டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. அது கெட்டித்தன்மை இல்லை. கடையில் விரலால் அழுத்தி "கல்லு மாதிரி இருக்கு" என்று திருப்திப்படுவதில் பயனில்லை, 32 டென்சிட்டி ஃபோமும் கெட்டியாக வரும், உங்கள் எடைக்குச் சில மாதத்தில் குழி விழும். 50க்கு மேல் உள்ள வார்ப்பு ஃபோம் கேளுங்கள். மொத்தத்தில் 20,000 ரூபாய்க்குக் குறைத்து உங்களுக்கு வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: ஐந்தாவது படிக்கும் மகன் பிறந்தநாளுக்கு லைட் எரியும் கேமிங் சேர் கேட்கிறான். வாங்கலாமா?
— தாய், சென்னை

வேண்டாம். அவன் காலுக்குத் தரை எட்டாது, முதுகு சீட்டின் பின்பக்கத்தைத் தொடாது, இரண்டு வருடத்தில் அளவும் மாறிவிடும். உயரம் மாற்றக்கூடிய சின்ன ஸ்டடி சேர் ஒன்று வாங்குங்கள். லைட்தான் ஆசை என்றால் எல்இடி பட்டை ஒன்றை மேஜைக்குப் பின்னால் ஒட்டிக் கொடுங்கள், 400 ரூபாயில் பிறந்தநாள் முடிந்தது.

கேள்வி: பெங்களூரில் ஐடி வேலை. பகலெல்லாம் ஆபீஸ் வேலை, ராத்திரி கேம், எல்லாம் ஒரே இடத்தில். 40,000 முதல் 50,000 வரை தயார். சீக்ரெட்லேப் மாதிரி நல்ல கேமிங் சேரா, பழைய ஏரோன் சேரா?
— சென்னைக்காரர், பெங்களூரு

இந்த விலைக்கு வந்துவிட்டால் கேமிங் சேர் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். சீக்ரெட்லேப் 2014இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி. ஃபோம் அச்சில் வார்த்தது, இடுப்பு ஆதாரம் தலையணையாகத் தொங்காமல் முதுகுக்குள்ளேயே இருக்கிறது, உயரத்துக்கு ஏற்ப மூன்று அளவுகள் விற்கிறார்கள். நிறைய நேரம் பின்னால் சாய்ந்து கன்ட்ரோலரில் ஆடுகிறவர் என்றால் இந்த ரகம் உங்களுக்கு. லெதர் வேண்டாம், துணி எடுங்கள். ஒன்றே ஒன்று, உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா, யார் வந்து மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீபோர்டும் மவுஸுமாக நிமிர்ந்து உட்காருகிறவர் என்றால் நான் ஏரோன் பக்கம். ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1994இல் வெளியிட்டது. பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் இருவரும் வடிவமைத்தார்கள். ஃபோமே கிடையாது, சீட்டும் முதுகும் மெஷ். இத்தனை வருடம் கழித்தும் எங்கள் பட்டறைக்குப் பழைய ஏரோன் வந்தால் தம்பி மற்ற வேலையை வைத்துவிட்டு அதைத்தான் முதலில் திறப்பான். உள்ளே எல்லாமே போல்ட், ஒவ்வொன்றும் தனியாகக் கழற்றி மாற்றலாம். புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்துக்கு மேல், 12 வருட வாரண்டி. பழையது வாங்குகிறவருக்கு அந்த வாரண்டி வராது, முதலில் வாங்கியவருக்குத்தான்.

பார்க்கப் போகும்போது முதுகின் மேல் விளிம்பின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவைதான் சேரின் அளவு: ஒன்று என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி. பி பெரும்பாலானவர்களுக்குச் சரி. ஆறடிக்கு மேல் என்றால் சி. அளவு மாறினால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. மெஷ் ஃபிரேமோடு சேரும் ஓரத்தில் கிழிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். சீட் ஃபிரேமே மாற்ற வேண்டி வரும், அதுதான் அதில் விலை அதிகமான பாகம். 2016இல் வடிவமைப்பைப் புதுப்பித்தார்கள், அதற்கு முந்தையது என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். சம்மணம் போடுகிறவர் நீங்கள் என்றால் ஏரோன் வேண்டவே வேண்டாம், சீட்டைச் சுற்றியுள்ள கெட்டி விளிம்பு கணுக்காலை விடாது.

உங்கள் ஊர் நாகசந்திராவில் ஐக்கியா ஃபர்னிச்சர் கடை இருக்கிறது. மார்கஸ் என்ற சேருக்கு 10 வருட வாரண்டி தருகிறார்கள். ஐம்பதாயிரம் செலவழிக்கும் முன் அதில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் மிச்சக் காசில் நல்ல மேஜை வாங்கலாம்.

கேள்வி: சேர் வீல் கிரானைட் தரையில் கோடு போடுகிறது, முடி சுற்றிச் சரியாக உருளவும் இல்லை. வேறு வீல் மாட்டலாமா?
— வாசகி, திருநெல்வேலி

மாட்டலாம், திருகாணிகூட வேண்டாம், இழுத்தால் வரும், அழுத்தினால் உட்காரும். 60 மி.மீ. பியூ (பாலியூரித்தேன்) வீல் ஐந்து வாங்குங்கள், தரைக்கு மெத்தென்று இருக்கும். பெரும்பாலான சேர்களில் வீலின் தண்டு 11 மி.மீ. ஐக்கியா சேருக்கு மட்டும் 10 மி.மீ., மாற்றி வாங்கினால் ஆடிக்கொண்டே இருக்கும். முடியை மாதம் ஒரு முறை பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது ரேசிங் சேர் பெட்டியில் வருகிறது, நானே பூட்ட வேண்டுமாம். கவனிக்க ஏதாவது உண்டா?
— மாணவர், திருச்சி

ஒன்று, விரல். சீட்டின் ஓரத்தில் முதுகைச் சாய்க்கும் லீவர் இருக்குமே, முதுகை போல்ட் போட்டு முடிக்கும் வரை அதைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இரும்புத் தகட்டைப் படீரென்று முன்னால் தள்ளும், கை நடுவில் இருந்தால் எலும்பு முறியும். அந்த லீவரில் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி எச்சரிக்கை எழுதியிருப்பார்கள், கடைசியில்தான் அதைக் கழற்ற வேண்டும்.

இரண்டு, எல்லா போல்ட்டையும் முதலில் பாதி வரை திருகி, எல்லாம் சேர்ந்த பிறகு இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் ஓட்டை நேராக நிற்காது, மரை போய்விடும். ஒரு மாதம் கழித்து சீட் அடியில் உள்ள நாலு போல்ட்டையும் ஆலன் கீ போட்டு மறுபடி இறுக்குங்கள். "சேர் கிரீச்சுன்னு சத்தம் போடுது" என்று வருவதில் பாதி அந்த நாலு போல்ட்தான். பெட்டியைத் திருப்பி அனுப்பும் தேதி முடியும் வரை கிழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: எல்லாரும் ஆயிரக்கணக்கில் பேசுகிறார்கள். என்னிடம் இருப்பது 1,500 ரூபாய். வீட்டில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துதான் படிப்பு, கேம் எல்லாம். முதுகு வலிக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா அக்கா?
— பிளஸ் டூ மாணவர், தூத்துக்குடி

முடியும் தம்பி. பிளாஸ்டிக் சேரை விட்டுவிட்டு வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ நாலு கால் மரச் சேர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் சேரின் சீட் பின்னால் சரிந்திருக்கும். திரையைப் பார்க்க முன்னால் குனிந்தால் இடுப்பு வளைந்துவிடும், வலி அங்கிருந்து வருகிறது. மரச் சேரில் சீட் சமமாக இருக்கும்.

ஊரில் மெத்தைக் கடையில் 40 டென்சிட்டி ஃபோம், இரண்டு அங்குலத் தடிமனில், உங்கள் சேர் சீட்டின் அளவுக்கு வெட்டி வாங்குங்கள். நானூறு ஐநூறு ரூபாய் ஆகும். அதே கடையில் மிஞ்சும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முதுகில் கட்டுங்கள். கவருக்கு பழைய ஜீன்ஸ் போதும், தெருவில் இருக்கும் டெய்லரிடம் ஒரு ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். திரை கண்ணுக்கு நேராக வரும் வரை அடியில் பழைய பாடப் புத்தகங்களை அடுக்குங்கள். லேப்டாப் என்றால் தனியாக ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்க வேண்டும், அதற்குத்தான் மீதிக் காசு. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இத்தனையும் செய்து இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை, அல்லது காலில் மரத்துப்போகிறது என்றால் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பாருங்கள், அது என் வேலை இல்லை.